அடியில் வைத்த ஈயம்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் பதினைந்து நாள் தேய்த்துத் தேய்த்து எடுத்த கப்பல் கூட்டை உங்கள் இயந்திரம் ஒரு பகலில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. ஆகவே நான் எழுதப்போவது பயத்தைப் பற்றி. அதில் மட்டும் நான் உங்களுக்கு மூத்தவள்.

நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். திருவனந்தபுரத்தில், வலியசாலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிள்ளிப்பாலம் வரை நடந்து, பூட்டினேனா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். பட்டறையில் "லலிதா மாமி வந்தாச்சு, இனி எல்லாத்தையும் ரெண்டு தரம் அளக்கணும்" என்று கேலி செய்யாதவர்கள் இல்லை. முப்பத்தோரு வருஷம் கப்பல் மாதிரிகள் செய்தேன். அத்தனை வருஷமும் அந்தப் பயம் கூடவே இருந்தது. ஒரே ஒரு வேலையில் அது இல்லை. தப்பு நடந்தது அந்த வேலையில்தான்.

அதற்கு முன் சின்னதாக ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு கப்பல் கம்பெனியின் வரவேற்பறைக்காக சரக்குக் கப்பல் ஒன்று செய்தோம். கரையோடு கட்டி வைத்த மாதிரி அமைப்பு. கட்டுக்கயிறுகளுக்கு நல்ல பருத்தி நூலை மெழுகு தடவிக் கட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. பார்க்க வந்த ஒரு வயதான கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "கயிறெல்லாம் துணி உலர்த்துற கொடி மாதிரி நிக்குதே" என்றார். உண்மைதான். நிஜக் கயிறு தன் பாரத்தாலேயே நடுவில் தொய்யும். என் நூலுக்குப் பாரமே கிடையாது, விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு மெல்லிய செம்புக் கம்பியைக் கையால் வளைத்துத் தொய்வு கொடுத்தேன். நீளத்தைச் சுருக்கலாம், பாரம் அப்படிச் சுருங்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்பு நடந்தது. வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போன இழுவலைப் படகு ஒன்று நடுக்கடலில் கவிழ்ந்தது. கடலடியில் எதிலோ வலை மாட்டிக்கொண்டதும், வலையை இழுக்கும் இரும்புக் கம்பி படகை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. எட்டுப் பேரில் ஏழு பேர் பிழைத்தார்கள். இறந்தவன் பெயர் ஜெபின், இருபத்தாறு வயது. படகை ஓட்டிய ஸ்ராங்குக்குச் சொந்த அக்கா மகன்.

ஸ்ராங்கு என்றால் படகின் தலைவன், ஓட்டுபவன். இவர் பெயர் மரியதாசன், குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். படகின் சொந்தக்காரர் தரப்பு என்ன சொன்னதென்றால், வலை மாட்டியதும், கம்பியைச் சுற்றும் உருளையான வின்சின் பிரேக்கை விட்டிருந்தால் கம்பி தளர்ந்திருக்கும், படகு நிமிர்ந்திருக்கும், ஸ்ராங்கு தாமதித்தார், பையன் செத்தான். மரியதாசன் சொன்னது வேறு. சொந்தக்காரர் போன வருஷம் படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கூரைமேல் ஆயிரம் லிட்டர் டீசல் டேங்கு ஒன்றை வைத்தார், அதன்பிறகு படகுக்குத் தலை கனத்துவிட்டது, சாய்ந்தால் எழும்பவில்லை என்றார். படகு ஆழத்தில் கிடந்தது, எடுக்க முடியாது. விசாரணைக் குழு, படகின் வரைபடத்தைக் கொடுத்துப் பதினாறில் ஒரு பங்கு அளவில் மிதக்கிற மாதிரி ஒன்று செய்து தரச் சொன்னது. அதைத் தண்ணீரில் விட்டு, கம்பி இழுப்பதுபோல் இழுத்துப் பார்ப்பார்கள். குற்றம் ஸ்ராங்குமேல் விழுந்தால் அவருக்கு இனிப் படகு கிடையாது, வழக்கும் வரும். இவ்வளவும் எனக்கு முன்னாலேயே சொல்லப்பட்டது.

நான் பயப்படவில்லை. வழக்கமான வேலை என்று நினைத்தேன். வரைபடம் நன்றாக இருந்தது, தொண்ணூறு சென்டிமீட்டர் நீளத்தில் கூடு அழகாக வந்தது. மிதக்கும் மாதிரிகளுக்கு நாங்கள் எப்போதும் செய்வதையே செய்தேன். கூட்டின் அடிக்கட்டையை ஒட்டி உள்ளே ஈயத் துண்டுகளை வரிசையாக வைத்து, வெளியே வரைந்த நீர்க்கோடு வரை சரியாக அமிழ்கிறதா என்று பார்த்தேன். மயிரிழை பிசகாமல் அமிழ்ந்தது. அடியில் ஈயம் வைத்தால் மாதிரி ஆடாமல் அலுங்காமல் நிற்கும். கண்காட்சிக் குளத்தில் குழந்தைகள் குச்சியால் தள்ளினாலும் கவிழாது. எங்கள் பட்டறையில் பிறந்த ஒரு மாதிரிகூட யார் வீட்டுத் தொட்டியிலும் கவிழ்ந்ததில்லை என்பது எங்களுக்குப் பெருமை.

நகரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நீண்ட தண்ணீர்த் தொட்டி இருந்தது. அங்கே முதல் சோதனை. குழுவின் தலைவர், ஓய்வு பெற்ற அதிகாரி, அதிகம் பேசாதவர். சொந்தக்காரரின் வக்கீல் இருந்தார், திருவனந்தபுரத்துக்காரர், எங்களோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். மரியதாசன் சுவரோரம் தனியாக நின்றார். கூரைமேல் டேங்குக்குப் பதிலாக அளவான மணல் பொட்டலத்தை வைத்தேன். வின்சு இருக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு நூலை எடுத்து, தொட்டியின் விளிம்பில் இருந்த சிறு கப்பிமேல் போட்டு, நுனியில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டேன். படகு சாய்ந்தது. எடைக்கட்டியை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினேன், அதாவது பிரேக்கை விட்டதற்குச் சமம். படகு படக்கென்று நிமிர்ந்தது. மறுபடி செய்தேன். நிமிர்ந்தது. விளிம்பு தண்ணீருக்குள் போன பிறகு விட்டாலும் நிமிர்ந்தது. வக்கீல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நன்றாகச் செய்திருக்கிறாய் என்பதுபோல. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

சாமான்களைக் கட்டும்போது மரியதாசன் பக்கத்தில் வந்தார். என்னை மரியாதைக்கு டீச்சர் என்றே கூப்பிடுவார்.

"டீச்சரே, ஒரு காரியம் சொன்னா கோவிக்கப்பிடாது. எனக்க போட்டு இப்பிடி ஆடாது."

"உங்க படகு எப்படி ஆடாது?"

"இது கோழி கொத்துத மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு ஆடுது. அது மெள்ளச் சரிஞ்சு, கொஞ்சம் நின்னு, பெறவுதான் திரும்பும்."

"சின்னதாப் பண்ணினா வேகமாத்தான் ஆடும். பயப்படாதீங்கோ, கணக்கெல்லாம் சரியாக்கும்" என்றேன். வேகமாக ஆடும் என்பது உண்மை. எவ்வளவு வேகமாக என்று நான் பார்க்கவில்லை. கணக்கெல்லாம் சரி என்று சொன்ன என் வாயை இன்றும் நினைத்தால் கூசுகிறது. அவர் "சரி டீச்சரே" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனுஷி சொன்னால் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அதுதான் என்னைக் குத்தியது.

அன்று சாயங்காலமே அந்தப் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். மறுநாள் பட்டறைக்குப் போக வேண்டியவள் தப்பாகப் பாப்பனங்கோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கோழி கொத்துகிறது, கோழி கொத்துகிறது என்று மண்டைக்குள் ஒரே ஓட்டம். குழு அறிக்கை எழுதப் பத்து நாள் இருந்தது. கடைசியில், எங்கள் மாதிரிகளை முன்பொரு தரம் பார்த்து "இது கப்பல் இல்லை அம்மா, கப்பலோட போட்டோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்த கப்பல் வடிவமைப்பாளர் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். அப்போது அவர்மேல் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆட்டத்துக்கு நேரம் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை என்றேன்.

"அளவு பதினாறில் ஒண்ணுன்னா ஆடுற நேரம் நாலில் ஒண்ணாகத்தான் குறையணும். அதைவிட வேகமா ஆடினா உங்க எடை ரொம்பக் கீழே இருக்கு. முதல்ல நிஜப் படகு ஒண்ணைப் போய்ப் பாருங்க."

அதே கட்டுமானத் தளத்தில் அதே வரைபடத்தில் கட்டிய இன்னொரு படகு, பழுது பார்ப்பதற்காக விழிஞ்ஞம் துறைமுகத்தில் கட்டிக்கிடப்பது எனக்கு ஆவணங்களிலிருந்து தெரியும். அதில் கூரைமேல் டேங்கு கிடையாது. கிழக்கே கோட்டை ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போனேன். நல்ல வெயில். குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று ஒரு படகையே பார்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளையைப் பார்த்து மேல்தட்டில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எந்தா சேச்சீ, ஆரெயா நோக்குந்நே?"

யாரையும் இல்லை, உங்கள் படகைத்தான் பார்க்கிறேன், கொஞ்சம் ஆட்டிக் காட்ட முடியுமா என்று மலையாளத்தில் கேட்டேன். சிரித்தார்கள். நல்ல மனிதர்கள், சிரித்துவிட்டுக் கட்டுக்கயிற்றைத் தளர்த்தி, நாலு பேராக விளிம்புக்கும் நடுவுக்கும் சேர்ந்து சேர்ந்து நடந்து ஆட்டம் ஏற்றினார்கள். பிறகு நடுவில் வந்து சும்மா நின்றார்கள். படகு மெள்ளச் சரிந்தது, நின்றது, யோசித்தது, திரும்பியது. போனில் நேரம் எடுத்தேன். ஐந்து முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய முப்பது விநாடி. நாலால் வகுத்தால் என் மாதிரி ஐந்து ஆட்டத்துக்கு ஏழரை விநாடி எடுக்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பி மாதிரியைத் தொட்டியில் விட்டேன். ஐந்து விநாடி. திரும்ப எடுத்தேன். ஐந்து. மூன்றாம் தரம் எடுக்கக் கை வரவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

தவறு என்னவென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மொத்த எடை சரி, அதனால் நீர்க்கோடு சரி. எடை இருந்த இடம் தப்பு. நிஜப் படகில் வின்சும் மேல்தட்டும் வலைக்குவியலும் எவ்வளவு மேலே இருக்கின்றன. நான் அத்தனை பாரத்தையும் ஈயமாக்கி அடியில் கொண்டுபோய் வைத்திருந்தேன். கவிழ முடியாத ஒரு பொம்மையைச் செய்து, அதைக் காட்டி, ஒரு மனுஷன் தன் அக்கா மகனைக் கொன்றான் என்று பத்துப் பேருக்கு முன்னால் நிரூபித்துவிட்டேன்.

எங்கள் பட்டறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவரை நாங்கள் சார் என்றே கூப்பிடுவோம். மலையாளி, என்னோடு பேசும்போது அவருக்குத் தெரிந்த தமிழில் பேசுவார்.

"லலிதா, ஈயத்தை மேலே ஏத்தினா என்னாகும்?"

"கவிழும் சார்."

"எவ்வளவு ஏத்தினா?"

"அதுதான் பயமா இருக்கு. நான் எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம். கவிழணும்னா கவிழ வைக்கலாம், நிமிரணும்னா நிமிர வைக்கலாம். இப்ப எனக்கு அந்த ஸ்ராங்குமேல பாவமா இருக்கு. என் கையை நானே நம்ப மாட்டேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நம்ம தப்புன்னு நாமே போய்ச் சொன்னா, பின்னே யார் நமக்கு ஒரு போட்டு செய்யத் தருவா? பன்னிரண்டு பேரு இங்கே ஜோலி செய்றாங்க, அதை மறக்கண்டா."

மறக்கவில்லை. அதில் நானும் ஒருத்தி. உங்களில் யாரும் இந்த இடத்தில் நான் ஏதோ தைரியமாக முழங்கினேன் என்று நினைத்துவிட வேண்டாம். "பட்டறை பேரில் வேண்டாம் சார், என் பேரில் எழுதிக் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்து எழுதினேன். மாதிரியில் எடை வைத்ததில் சிறு தவறு நேர்ந்துவிட்டது, முதல் சோதனையின் முடிவை எடுத்துக்கொள்ள வேண்டாம், இரு தரப்பும் பார்க்க மறுபடி சோதிக்க அனுமதி வேண்டும் என்று. சாரிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். பேனாவை எடுத்து ஒரே ஒரு சொல்லை அடித்தார். "சிறு வேண்டா" என்றார். "தவறுன்னு மட்டும் போதும்." கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டுப் பட்டறை முத்திரையையும் வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் எத்தனையோ தரம் மன்னித்திருக்கிறேன்.

குழுவின் முன்னால் போய் நின்றபோது வக்கீல் விட்டுவைக்கவில்லை.

"மேடம், போன வாரம் நிமிர்ந்த படகு இந்த ஆழ்ச்ச கவிழணும்னு சொல்றீங்க. அடுத்த ஆழ்ச்ச பறக்குமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். யோசித்து வைத்திருந்த நீளமான பதில் எங்கோ போய்விட்டது. "நேரத்தை நீங்களே எடுங்கோ சார்" என்று மட்டும் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அதுவே சரியான வழி என்று எனக்கும் புரிந்தது. எடையை எங்கே வைப்பது என்பதை நான் தீர்மானிக்கக் கூடாது, விழிஞ்ஞத்துப் படகு தீர்மானிக்க வேண்டும். அதன் ஆட்டத்தை வக்கீல் அளக்க வேண்டும். குழுத் தலைவர் ஒப்புக்கொண்டார். கடலுக்குப் போகும்போது இருக்கும் அளவுக்கு ஐஸும் டீசலும் ஏற்றி, எல்லோரும் போய் நின்று, வக்கீல் தன் போனிலேயே நேரம் எடுத்தார். முப்பது விநாடி. அவருக்கே அது பிடிக்கவில்லை, மூன்று தரம் எடுத்தார். மூன்று தரமும் ஒன்றுதான்.

மாதிரிக்குள் நடுவில் நேர்க்குத்தாக ஒரு திருகுக் கம்பியை நிறுத்தி, ஈயத்தை அதில் மாட்டி, திருகினால் ஏறவும் இறங்கவும் செய்யும்படி அமைத்தேன். இரண்டாம் சோதனையன்று டேங்கு இல்லாமல் மிதக்கவிட்டு, நான் திருகுவேன், வக்கீல் எண்ணுவார். ஆறு விநாடி. இன்னும் கொஞ்சம். ஆறே முக்கால். இன்னும். ஏழரை வந்ததும் அவர் போதும் என்ற அர்த்தத்தில் "மதி" என்றார். திருகை அந்த இடத்தில் நிறுத்தி, தலைவரின் கண் முன்னால் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

தொட்டியில் இரண்டு துளி சோப்புத் திரவம் விட்டேன். வக்கீல் உடனே, "கடல்ல ஆரு மேடம் சோப்பு கலக்குறா?" என்றார். தண்ணீர்த் துளி மாதிரிக்காகச் சுருங்காது, சின்னப் படகின் மேல்தட்டில் முத்து முத்தாக நின்றுவிடும், நிஜத்தில்போல ஓடி உள்ளே இறங்காது, சோப்பு அந்தப் பிடியை விடவைக்கும் என்று விளக்கினேன். ஒரு தகட்டில் சொட்டு விட்டும் காட்டினேன். தலைவர் குனிந்து பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னார்.

டேங்கு இல்லாமல் இழுத்தோம். படகு சோம்பலாகச் சாய்ந்தது, விட்டதும் சோம்பலாக எழுந்தது. சுவரோரம் நின்ற மரியதாசன் தன்னையறியாமல் இரண்டடி முன்னால் வந்தார். "இதான்" என்றார். "இதான் எனக்க போட்டு."

பிறகு டேங்கின் பாரத்தைக் கூரைமேல் வைத்தேன். கால் கிலோகூட இல்லாத பொட்டலம். எடைக்கட்டியைத் தொங்கவிட்டேன். படகு சாய்ந்தது, அதே சாய்வில் ஒரு கணம் நின்றது, விளிம்பு அமிழ்ந்தது, மீன் அறையின் திறப்புக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது, அப்படியே புரண்டு அடியைக் காட்டியது. வக்கீல் எழுதிக்கொண்டார். தலைவர், போதும் என்று காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்.

அப்போது மரியதாசன் பேசினார். "சாரே, இன்னும் ஒண்ணு பாக்கணும். நான் பிரேக்கு விட்டது எப்பம்னு எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டி இடது பக்கமா வழுக்கின நேரத்துல எனக்க கை பிரேக்குல இருந்துது. அந்தச் சாய்வுல விட்டுப் பாருங்கோ. அதுக்கு முன்ன விட்டா என்னாவும்னும் பாக்கணும்."

அறை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. டேங்கினால் படகுக்குத் தலை கனத்தது என்று தெரிந்தாயிற்று. இங்கேயே நிறுத்தினால் அவருக்குப் பாதி விடுதலை நிச்சயம். நான் இதையும் செய்து, முன்னால் விட்டால் படகு நிமிர்கிறது என்று வந்தால், அது அவர் வாயாலேயே கேட்டு வாங்கிய குற்றமாகிவிடும். வக்கீல் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். நான் மரியதாசனைத் தொட்டியின் மறுமுனைக்கு அழைத்துப் போனேன்.

"வேண்டாம், கேட்டேளா? நிமிர்ந்துட்டா என்ன பண்ணுவேள்?"

"நிமிந்தா நிமிரட்டும் டீச்சரே. அந்தப் பயலைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனது நான். எனக்க அக்கா இது வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சோறு போட்டுத் தாறா, துணி அலசித் தாறா, கேக்க மட்டும் மாட்டேங்கா. எனக்கு அறியணும்."

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் யாராவது கேட்டால் சரியான பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை. மாதிரி செய்கிறவள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் காட்ட வேண்டும், கேள்வியை அவள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று என்னவோ ஒன்று தோன்றியது. தலைவரைப் பார்த்துச் செய்கிறேன் என்று தலையாட்டினேன்.

மாதிரியைத் துடைத்து, உள்ளே இருந்த தண்ணீரை வடித்து மறுபடி மிதக்கவிட்டேன். இறந்தவனின் மாமனிடமே சொல்லச் சொன்னேன், எந்தச் சாய்வில் என்று. எடைக்கட்டிக்குக் கீழே என் உள்ளங்கை தயாராக இருந்தது. நூல் இழுத்தது, படகு சாய்ந்தது, அவர் "விடு" என்றார். விட்டேன். படகு நிற்கவில்லை, புரண்டது.

மறுபடி. இந்தத் தடவை அவர் முன்னாலேயே சொன்னார். விட்டேன். கொஞ்சம் எழப்பார்த்தது. பிறகு மனசு மாறியதுபோல் மெள்ளச் சரிந்து புரண்டது.

மூன்றாம் தரம். படகு லேசாகச் சாய்ந்ததுமே "விடு" என்றார். விட்டேன். படகு ஆடியது, அப்படியும் இப்படியும் போனது, நிமிர்ந்து நின்றது.

வக்கீல் பேனாவைத் தூக்கினார். மரியதாசன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்ற அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாருக்கும் சொல்லாமல், தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்.

"இவ்வளவு சாய்வுல ஒருத்தனும் பிரேக்கு விடமாட்டான். வலை நெறஞ்சா தினமும் இவ்வளவு சாயும். இதுக்கெல்லாம் விட்டா ஒரு மீனும் கரைக்கு வராது."

வக்கீல் அவரைப் பார்த்தார், படகைப் பார்த்தார், எழுதாமல் பேனாவை மூடினார். அவரும் ஒரு மனுஷர்தான். விசாரணை அறிக்கை பிறகு ஒரு மாதம் கழித்து வந்தது. டேங்குதான் காரணம், ஸ்ராங்குமேல் குற்றமில்லை என்று எழுதியிருந்தார்கள். பட்டறைக்கு வரும் வேலை ஒரு வருஷம் மந்தமாகத்தான் இருந்தது, சார் பயந்ததில் பாதி நடந்தது. நாங்கள் இழுத்துப் பிடித்து நடத்தினோம். மிதக்கும் மாதிரி எதுவானாலும் முதலில் ஆட்டத்தை எண்ண வேண்டும் என்ற விதி அன்றிலிருந்துதான் சுவரில் ஒட்டியிருக்கிறது. யார் ஒட்டியது என்று நீங்கள் கேட்டதாகச் சொன்னார்கள். நான்தான்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் எந்த அறிக்கையும் இல்லை. எல்லோரும் போன பிறகு நான் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மரியதாசன் போகாமல் தொட்டிப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தார். முகத்தைச் சட்டையில் துடைத்தார், ஈரக் கையோடு போனை எடுத்தார். எதிர்முனையில் பெண்குரல் கேட்டது, என்ன என்று விசாரித்தது.

"அக்கா, நாந்தான்" என்றார். "நீ எங்கிட்ட கேக்கணும்னு நெனச்சுக் கேக்காத ஒண்ணு இருக்குல்லா. இப்பம் கேளு."